மூன்றாவது போஸ்டர் அமர்வு

ஒரு சர்வதேச மாநாட்டை நடத்துவதற்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டில், எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த அணுக்கரு இயற்பியல் மாநாட்டுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டபோது இதை அறிந்துகொண்டேன். பதினான்கு மாதங்கள் அதே வேலையாக இருந்தேன். அவ்வளவு நாட்களில் ஒரே ஒரு மாலை, இருபது நிமிடம், இயற்பியல் செய்தேன். அந்த இருபது நிமிடத்தையும் அதன் பின் நான் செய்ததையும்தான் எழுதப்போகிறேன்.

மாநாட்டை டிசம்பரில் வைத்தோம். வெளிநாட்டவருக்கு நம் ஊர் வெயில் தாங்காது என்று நாங்களாகவே முடிவு செய்தோம். மார்கழிக் கச்சேரிகளுக்கு வருகிறவர்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கிற அறைகளை முந்தைய ஆண்டே பிடித்து வைத்துவிடுவார்கள் என்பது, பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கும் ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானே விடுதி விடுதியாக ஏறி இறங்கினேன். தியாகராய நகரில் ஒரு விடுதி மேலாளர் என் கடிதத்தை வாங்கிப் பார்க்காமலே, “நீங்க எந்த சபா சார்?” என்று கேட்டார்.

“நியூக்ளியர் ஃபிசிக்ஸ்” என்றேன்.

“புது சபாவா?” என்றார்.

வெளிநாட்டவருக்கு ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பதா, சாதத்தோடு பரிமாறுவதா என்று உணவுக் குழு நாற்பது நிமிடம் விவாதித்தது. விசா கடிதங்கள், விமான நிலையத்துக்கு வண்டிகள், சணல் பைகள், கழுத்தில் மாட்டும் அட்டைகள், குத்துவிளக்கு ஏற்றும்போது காற்று அடித்தால் என்ன செய்வது. என் கைபேசி நாள் முழுவதும் அடித்தது. அலுத்துக்கொண்டேனே தவிர, எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் நான் என் கையால் ஒரு கணக்கும் போடவில்லை. மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் கடைசிப் பெயராக இருந்தேன். மாநாடு நடத்துகிறவரை யாரும் என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

மாநாட்டுக்கு நான்கு மாதம் இருக்கும்போது என் நண்பன் துறைக்கு வந்தான். என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து இன்றும் அங்கேயே இருப்பவன். எங்கள் வகுப்பில் அவன்தான் முதல். எனக்குப் புரியாத பாடத்தையெல்லாம் அவன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அவன்தான் புரியவைத்தான். படிப்பு முடிந்த ஆண்டு அவன் அப்பா படுத்துவிட்டார். மூன்று தங்கைகள் இருந்தார்கள். அவன் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தான். எனக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அவனும் ஆராய்ச்சிக்கு வந்திருந்தால் அது அவனுக்குத்தான் போயிருக்கும். இதை நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“ஆன்லைன்ல அனுப்பிட்டேன்டா. இருந்தாலும் உன் கையில ஒண்ணு குடுக்கணும்னு தோணித்து.”

“என்னடா இது, இந்த வயசுல?”

“இந்த வயசுலதான் டைம் கெடைச்சுது. முப்பத்தஞ்சு வருஷம் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு வெர்னியர் காலிபர் காட்டிண்டிருந்தேன். வெர்னியருக்கே என்னைப் பார்த்து அலுத்துப்போச்சு.”

மாநாட்டுக்கு வரவிருந்த முதிய ஐரோப்பிய இயற்பியலாளர் ஒருவரின் சூத்திரத்தை வைத்து அவன் கணக்குப் போட்டிருந்தான். ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரியில் ஒருவர் செய்யக்கூடிய இயற்பியல் அதுதான். தாளும் பேனாவும் ஒரு பழைய கணிப்பொறியும் போதும்.

“ஒரு பதினஞ்சு நிமிஷம் பேச விடுவியா? அவர் முன்னாடி?”

“அது கமிட்டி முடிவு பண்ணணும்டா.”

“கமிட்டின்னா யாரு?”

“பேப்பர் தேர்வுக்கு நானும் இன்னும் மூணு பேரும்.”

“அப்போ கால்வாசி ஆச்சு” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: “பேசலேன்னாலும் பரவாயில்லை. சரி, தப்பு, அவர் ஏதாவது ஒண்ணு சொன்னாப் போறும். நான் பண்றதை இதுவரைக்கும் ஒருத்தரும் உக்காந்து பார்த்ததில்லைடா.”

அவன் போனபின் அந்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். அதுதான் நான் சொன்ன இருபது நிமிடம். உண்மையில் பத்து நிமிடத்திலேயே தவறு கண்ணில் பட்டுவிட்டது. மீதிப் பத்து நிமிடம் அதை உறுதி செய்துகொண்டேன்.

இயற்பியல் படிக்காதவர்களுக்கும் அதைச் சொல்லிவிட முடியும். அணுக்கருவுக்குள் துகள்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. அதற்காகக் கணக்கில் ஒரு திருத்தம் போட வேண்டும். அந்த ஐரோப்பியர் தம்முடைய பிற்காலக் கட்டுரை ஒன்றில் அந்தத் திருத்தத்தைத் தம் எண்களுக்குள்ளேயே சேர்த்துவிட்டார். அது வெளியான பத்திரிகை எங்கள் துறை நூலகத்துக்கு வரும். நண்பனின் கல்லூரிக்கு வராது. அவன் புதிய எண்களை வேறு எங்கிருந்தோ எடுத்து, பழைய முறைப்படி திருத்தத்தையும் மறுபடி போட்டிருந்தான். இரண்டு பேர் புழங்கும் சமையலறையில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு விழுவதுபோல. மற்றபடி கணக்கு சுத்தமாக இருந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் நல்ல கட்டுரை.

தொலைபேசியை எடுத்து இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை அதிகம், பிறகு சொல்லிக்கொள்ளலாம், மனம் நொந்துபோவான் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உண்மையை எழுதுகிறேன். அந்தத் தவறைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவனிடம் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மாநாடுகளில் இரண்டு பக்கக் கட்டுரைகளைத் திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. பேசத் தேறாததை போஸ்டருக்குத் தள்ளிவிடுவோம். போஸ்டர் என்றால், ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் குத்திவிட்டு, எழுதியவர் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நடந்து போகிறவர்கள் நின்று படித்துக் கேள்வி கேட்பார்கள். அவன் கட்டுரைக்கு நேராக “போஸ்டர்” என்று எழுதினேன். அந்த அளவில் அது தவறில்லை.

நிகழ்ச்சி நிரல் போடும்போதுதான் அடுத்ததைச் செய்தேன். மூன்று போஸ்டர் அமர்வுகள். முதல் இரண்டுக்கும் தேநீர் வேளையை ஒட்டி நல்ல நேரம் கிடைத்தது. மூன்றாவதுக்குக் கூடம் காலியாக இருந்தது நான்காம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும். அன்று ஒரு மணிக்கு விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு பேருந்துகள் மாமல்லபுரம் கிளம்புவதாக ஏற்பாடு. அந்த அமர்வில் உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரைப் போட்டேன். அவனும் அவர்களில் ஒருவன். வேறு அமர்வில் போட்டிருந்தால் அந்த ஐரோப்பியர் அவன் பலகைமுன் நின்று, அரை நிமிடத்தில் தவறைக் காட்டியிருப்பார். ஒருங்கிணைப்பாளரின் வகுப்புத் தோழன் இப்படி எழுதியிருக்கிறானே என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதும் என் மனத்தில் இருந்தது.

துறை அலுவலகக் கண்காணிப்பாளர் சைதாப்பேட்டைக்காரர். இருபது ஆண்டுகளாக என் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர். நிரலை எடுத்துக்கொண்டு அவர் என் அறைக்கு வந்தார்.

“இன்னா சார் இது? ஒரு மணிக்கு பஸ்ஸு கெளம்புதுன்னு இதே பேப்பர்லதான் போட்டுகீது. ரெண்டு மணிக்கு இவங்க யாருக்கு சார் காட்டுவாங்க, செவுத்துக்கா?”

“எல்லாரும் லோக்கல் ஆளுங்கம்மா. மாமல்லபுரம் பார்த்தவங்கதான்.”

“அவங்க மாமல்லபுரத்தைப் பாத்துட்டாங்க, சரி. அவங்களை யார் சார் பாக்கறது?”

“டைப் பண்ணுங்கம்மா” என்றேன். அவர் நிரலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாநாடு நன்றாகவே நடந்தது. விளக்கு அணையவில்லை. ரசத்தைக் கோப்பையில் கொடுத்தோம். எல்லாரும் இரண்டாவது முறை வாங்கிக் குடித்தார்கள். மூன்று நாளும் மதிய உணவின்போது நான் அந்த ஐரோப்பியருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் இட்லி எப்படிச் செய்வது என்று கேட்டார், மழை எப்போது நிற்கும் என்று கேட்டார். நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மூன்று மதியங்கள் இருந்தன. நான்காம் நாள் முதல் பேருந்தின் முன் இருக்கையில் அவரை உட்காரவைத்துக் கையசைத்து அனுப்பினேன். மறு ஆண்டு அவர் காலமாகிவிட்டார்.

நான் பேருந்தில் போகவில்லை. இரவு விருந்துக்கு யார் எங்கே உட்காருவது என்பதை முடிவு செய்யும் வேலை இருந்தது. இரண்டரை மணி இருக்கும். அந்தக் கூடத்தைக் கடந்துதான் என் அறைக்குப் போக வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. பன்னிரண்டு பலகைகளில் ஐந்து காலி. அவர்கள் வரவே இல்லை. மற்றவர்கள் தாளைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். என் நண்பன் மட்டும் இருந்தான். முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்தில் எங்கள் அட்டை. அவன் தன் பலகையருகில் நிற்கவில்லை. மற்றவர்களின் போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு சிறிய நோட்டு. ஒரு போஸ்டரின் முன் வெகுநேரம் நின்று, ஏதோ எழுதிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனான். எழுதியவர் யாருமில்லாத அந்தத் தாள்களை அவ்வளவு மரியாதையோடு படித்தான்.

உள்ளே போயிருக்கலாம். அப்போதுகூடத் தாமதமாகிவிடவில்லை. செருப்புச் சத்தம் கேட்காதபடி திரும்பி, மாடிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

மாலையில் தேநீரோடு நின்றுகொண்டிருந்தவனிடம், “யாராவது வந்தாங்களாடா?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

“வந்தாரே ஒருத்தர். பாத்ரூம் எங்கேன்னு கேட்டார். கரெக்டா வழி சொன்னேன்” என்றான்.

அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். முதலில் சில கூட்டங்களுக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. கோட்டூர்புரத்தில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. நான்கு ஆண்டுகளுக்கு முன் மனைவி இறந்தாள். அந்தப் பதினாறு நாளும் மாலையில் அவன் வந்து, அதிகம் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். பதினேழாம் நாள் எவரும் வரவில்லை. சமையலுக்கு வருகிற பெண் காலை ஒன்பதுக்குள் போய்விடுவார். அதன்பின் மறுநாள் காலைவரை நான் என் குரலைக் கேட்காத நாட்கள் உண்டு. கைபேசி அடித்தால் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிடுகிறார்கள்.

சென்ற ஆடி மாதத்தில் அவனிடமிருந்து கூரியரில் ஒரு கட்டு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அந்த இரண்டு பக்கங்களை முன்னூறு அணுக்கருக்களுக்கு விரித்து எழுதியிருந்தான். ஆறு ஆண்டு உழைப்பு. மேலே ஒரு துண்டுத்தாள்: பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் நீ ஒருமுறை பார்த்துவிடு, தப்பு இருந்தால் தாட்சண்யம் பார்க்காதே.

நான்காம் பக்கத்தில் அதே வரி இருந்தது.

கணிப்பொறியில் ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும் காரியமில்லை அது. ஒவ்வோர் அணுக்கருவுக்கும் சோதனையில் கிடைத்த எண்களோடு பொருத்திப் பொருத்தி, யோசித்து ஒரு மதிப்பைத் தேர்ந்திருந்தான். தவறான திருத்தத்தை ஈடுகட்டும் விதமாக முன்னூறு மதிப்புகளும் கொஞ்சம் கொஞ்சம் விலகி உட்கார்ந்திருந்தன. பார்க்க எல்லாம் பொருந்தியதுபோல் இருக்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நான்காம் நாள் காலை பறக்கும் ரயிலில் ஏறி மயிலாப்பூர் போனேன்.

சாப்பாட்டு மேசைதான் அவன் வேலை செய்யும் இடம். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் நான்காம் பக்கத்தைத் திறந்து அந்த வரியின்மேல் பென்சிலை வைத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. அந்த ஐரோப்பியரின் பிற்காலக் கட்டுரைப் பிரதியை மட்டும் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அடடா. ரெண்டு தடவை போட்டிருக்கேன்.” நெற்றியில் தட்டிக்கொண்டான். “ஃபர்ஸ்ட் இயர் பையன் பண்ற தப்புடா இது. நல்லவேளை, அனுப்பலை.” அவன் முகத்தில் வருத்தத்தைவிட ஒரு துள்ளல்தான் அதிகம் இருந்தது. கடைசியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

பிறகு எழுந்து அலமாரியிலிருந்து பழைய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துவந்தான். மாநாட்டுக்குக் கொடுத்த இரண்டு பக்கங்களைப் பார்த்தான்.

“இதுலயும் இருக்கே.”

“ஆமா.”

“அப்போ நீ இதைப் படிச்சியோ?”

நேரமில்லை, படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். மாநாடு நடத்துகிறவர்கள் கட்டுரைகளைப் படிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பதில் வாய்வரை வந்தது.

“படிச்சேன்” என்றேன்.

“இதைப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

வாசலில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனார். அவன் தாள்களை மறுபடி உறைக்குள் போட்டு, ஓரம் மடங்காமல் சரிசெய்தான்.

“எல்லாரையும் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டு என்னை அங்க நிக்க வெச்சியே, அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா. எங்க காலேஜ்ல முப்பது வருஷம் டைம்டேபிள் போட்டவன் நான். எதை எங்க தள்ளுவான்னு தெரியாதா? அதை நான் பெருசா எடுத்துக்கலை. உனக்கு ஆயிரம் தலைவலி.” உறையை மேசைமேல் வைத்தான். “தப்புன்னா தப்புன்னு சொல்லியிருக்கலாமேடா. அதைக் கேக்கத்தானே வந்தேன்.”

“மன்னிச்சுக்கோடா.”

“அதை அப்பறம் பார்த்துக்கலாம். முன்னூறையும் திரும்பப் போடணும் இப்போ.”

“பாதியை நான் போடறேன்.”

“வேண்டாம்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் ஏதோ விற்க வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னான். என் காபியில் ஆடை படிந்திருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் ஆனபின் மறுபடி போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி அங்கேயே நின்றுகொண்டார்.

“இருக்கார். கணக்குப் போட்டுண்டிருக்கார். முடிஞ்சப்பறம் தானே கூப்பிடறேன்னு சொல்லச் சொன்னார்.”

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“எவ்வளவு ஆயிருக்காம்?”

“எனக்கென்ன தெரியும். எண்பத்திரண்டுல இருக்கேன்னு காலம்பற சொன்னார்.” பிறகு, “காபி சாப்பிடறேளா?” என்று கேட்டார். கதவை விட்டு நகரவில்லை.

“இல்லைங்க, இப்பதான் குடிச்சேன்” என்றேன்.

ரயில் நிலையத்தின் மேல்தளத்தில் ஆட்கள் அதிகமில்லை. சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு மாதத்தில் எண்பத்திரண்டு. மீதி இருநூற்றுப் பதினெட்டு. கனமான அணுக்கருக்கள் கடைசியில் வரும்; அவற்றுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எப்படிப் பார்த்தாலும் இன்னும் ஒரு வருஷத்துக்குக் குறையாது. இருவருக்கும் அறுபத்தொன்பது நடக்கிறது.

முடித்தபின் சரிபார்க்க என்னிடம் கொடுப்பானா என்று தெரியவில்லை. கொடுத்தால் முதல் வரியிலிருந்து படிப்பேன். வேறு யாரிடமாவது கொடுத்தால் அதுதான் நியாயம். வண்டி வந்தது. நான் ஏறிய பெட்டியில் வேறு யாரும் இல்லை.